அவன் குதிகாலில் ஓர் உடைமுள்

"ஒங்க பந்தாட்டக்காரன் போயிட்டானாம்லா. ராத்திரி பேதி கண்டுருக்கு."

வாழைத்தார் ஏற்றி வந்த வண்டிக்காரர் இப்படிச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். ஆட்டத்துக்கு முன்னால், அவனுக்குக் கால் ஒடிந்துவிட்டது, காய்ச்சல் கண்டுவிட்டது என்று ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டவுன்காரர்கள் புரளி கிளப்புவது வழக்கம். அப்புறந்தான் அன்றைக்கு ஆட்டம் எதுவும் இல்லை என்பது உறைத்தது.

ஜெர்மன் சண்டைக்கு முந்திய கோடை அது. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் வாழைத்தார் இறக்கி அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்துவந்தேன். முதலாளியிடம்கூடச் சொல்லாமல் ஓடினேன். நேற்று மாலை இரண்டு கோல் போட்டவன். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரையே சுற்றியிருந்தோம். எப்படிச் சாவான்?

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அவன் வெறுங்காலோடு ஆடுகிறவன். அதனால் ஆட்டம் தொடங்குமுன் மைதானம் முழுக்கக் குனிந்து உடைமுள் பொறுக்குவேன். "கோழி மேயுது பாருலே" என்று கேலி செய்வார்கள். அவன் மட்டும், "நல்லாப் பாரும்வே, வடக்குக் கோல் பக்கம் ஆட்டுக்கு ஒடைக்கொப்பு வெட்டிப் போட்டிருந்தாவ" என்பான்.

தெருமுனையில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவரும் அவன் வீட்டை நெருங்கவில்லை. பேதி என்றால் அப்படித்தான்; தொட்டவனையும் கொண்டுபோய்விடும் என்று பயம்.

"பூட்ஸுக்காரன் ரெண்டு பேருக்கு நடுவுல பூந்து அடிச்சானே, கோல்காரன் தொப்பியே பறந்துச்சு!"

"தொப்பி காத்துல பறந்துச்சுவே."

"அவன் ஓடுன காத்துலதான்!"

யாரோ சிரித்தார்கள். உடனே அடங்கிப்போனது.

அங்கிருந்து பார்க்க, அவன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பாயில் அவன் கால்கள் தெரிந்தன. பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டவில்லை. பாதங்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவன் அம்மா வாசலுக்கு வந்தாள்.

"பெத்தவ கட்டப்பிடாது. சீவலப்பேரிச் சொந்தம் இன்னும் வரல. வெறைச்சிட்டா கால் சேராதுய்யா, யாராச்சும் வாங்க."

யாரும் அசையவில்லை. நானோ முன்னால் நின்றவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அந்த நேரத்தில், பாலம் கடந்து நடந்தே வந்து சேர்ந்தார் டவுன் அணியின் பின்வரிசைக்காரர். இவனை மறித்து மறித்து, மறிக்க முடியாமலே வயதானவர்.

"என்னவே, மந்தையில ஆடு நிக்க மாதிரி நிக்கிய?"

"பேதிலா அண்ணாச்சி."

"நேத்துத் தூக்கிச் சுமந்த தோளு எங்கவே போச்சு?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். துண்டின் ஓரத்தைக் கிழித்தார். கால்கள் சேரவில்லை.

"ஒரு ஆளு பிடிக்கணும். வாங்கவே யாராச்சும்!"

எப்படி உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது. துண்டால் வாயைப் பொத்திக் கட்டிக்கொண்டு, இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்தேன். ஆற்று மணலில் புதைந்து கிடந்த கல்போலக் குளிர்ந்திருந்தன.

"இந்தக் காலு எனக்கு ஒரு தரங்கூட அம்புட்டதில்ல" என்றார் அவர். "இப்ப சும்மா கிடக்கு பாரும்." போட்ட முடிச்சு நழுவியது; மறுபடி போட்டார்.

அப்போதுதான் வலது குதிகாலில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்தேன். உடைமுள். சுற்றிலும் காய்ந்த ரத்தம். இதோடுதான் அந்த இரண்டு கோலையும் போட்டிருக்கிறான்.

"அண்ணாச்சி, பொறுங்க. முள்ளு இருக்கு."

கிறுக்கன் என்று திட்டுவார் என நினைத்தேன். அவர் முடிச்சை விட்டுவிட்டார்.

"எடும்வே. வெறுங்காலோடதான போறான்."

நகத்தால் நெம்பினேன். முழுசாக வந்தது. அதன்பிறகு அவர் இறுக்கிக் கட்டினார்.

அந்த முள்ளை எங்கே போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. கீழே போட்டால் தூக்க வருகிறவர்கள் மிதித்துவிடுவார்களே என்று, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டே நின்றேன்.