ரோசாவின் கல்கல் டப்பா

உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுக்கும் ரோசா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் இருமல் வரும். பதினாறு வருஷம் அப்படியே இருந்துவிட்டோம். இப்போது அவளைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. யார் மேல் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ரோசாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. புருஷன் பிரான்சுவா தேங்காய்த்திட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகள் மெரினைக் காலாப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தாள். மெரினுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கி இரண்டு முறையும் கலைந்தது. மூன்றாவது தங்கி ஏழாம் மாசம் தொடங்கியதும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அது போன வருஷம் நவம்பர். இந்தப் பிள்ளையாவது நிக்கணும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. நானும் மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே ரோசா கிறிஸ்துமஸுக்குக் கல்கல் போட்டுவிடுவாள். மைதாவைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து, சின்னச் சின்னதாகச் சீப்புப் பல்லில் உருட்டிப் பொரித்தெடுப்பாள். தெருவில் வீட்டுக்கு ஒரு தட்டு போகும். மூன்று வாரம் அது மொறுமொறுவென்று இருக்க வேண்டும், இங்கேயோ காலையில் பொரித்த அப்பளம் சாயங்காலம் நமத்துப்போகும், அப்படிப்பட்ட கடற்காற்று. அதனால் பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிடுவாள். துளி சூட்டோடு மூடினாலும் உள்ளே வேர்த்துவிடும் என்பாள். வறுத்த பச்சரிசியைத் துணியில் முடிந்து டப்பாவின் அடியில் வைப்பாள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கடைசியில் மூடியைச் சுற்றிக் காகிதப் பட்டையை மைதாப் பசையால் ஒட்டிவிடுவாள். அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் பூசை முடியும் வரை யாரும் திறக்கக் கூடாது, ருசிகூடப் பார்க்கக் கூடாது. சாமி பிறப்பதற்கு முன்னால் வாயில் வைப்பதில்லை என்று நேர்ச்சை.

இத்தனை செய்தும் மெரின் வந்ததற்கு முந்தின கிறிஸ்துமஸில் டப்பாவுக்குள் வண்டு விழுந்துவிட்டது. ஒரு வீட்டில் தட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தை ரோசா மறக்கவே இல்லை.

அந்த நவம்பர் கடைசியில் என்னிடம் வந்தாள்.

"சுமலதா, உங்க அண்ணன் வூட்ல வண்டு வராம இருக்க என்னமோ மாத்திரை வெப்பாங்கன்னியே. எனக்கு ஒண்ணு வாங்கியாரியா?"

"எதுக்கு?"

"அரிசி ட்ரம்முல பூரா வண்டு. சல்லடை போட்டு மாளல."

பாகூரில் என் அண்ணன் வடிவேல் நெல் மூட்டைகளுக்கு நடுவே அந்த மாத்திரையை வைப்பார். வைக்கிற இடம் வீட்டை விட்டுத் தள்ளியிருக்கும் கொட்டகை. கதவைப் பூட்டிவிட்டால் ஒரு வாரத்துக்கு நாயைக்கூட அண்டவிட மாட்டார். பிறகு காற்றாட விட்டு, அவித்து, காயவைத்து, அரைத்து, கழுவி, பொங்கித்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். இதெல்லாம் எனக்குத் தெரியும். "கையால தொடாத, துணியில முடிஞ்சு போடு" என்று சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்குள் வைக்கவே கூடாத பொருள் என்று சொல்லவில்லை. பெரிய உபகாரம் செய்த மிதப்பில் இருந்தேன். ஊர்ப்பட்ட வாய் எனக்கு, வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி மெரின் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா. நாக்கு கேக்குது."

"இன்னும் ஒரு வாரம்தான்டி. உன் புள்ளைக்காகத்தான் நேந்துக்கிட்டிருக்கேன்" என்றாள் ரோசா.

எனக்குச் சுருக்கென்றது. "மாசமா இருக்கறவ கேட்டு இல்லன்னு சொல்லுவாங்களா? என்ன மனுசி நீ?"

"இது எங்க வூட்டு விசயம். நீ குறுக்க வராத."

என்னையா அடக்க முடியும்? மறுநாள் காலை ரோசா வேலைக்குப் போனதும் நேரே உள்ளே போய் டப்பாவை இறக்கினேன்.

"வேணாம் அத்த, அம்மா திட்டும்" என்றாள் மெரின்.

"உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நீ உக்காரு."

கத்தியை விட்டுப் பட்டையைக் கீறினேன். மூடி சட்டென்று வரவில்லை, அவ்வளவு இறுக்கம். திறந்ததும் பூண்டு வாடை குப்பென்று அடித்தது. பூண்டு உரித்த கையோடு பிசைந்திருக்கிறாள் என்று சிரித்தேன். மெரினும் சிரித்தாள். எனக்கு அன்று விரதம், அதனால் நான் தொடவில்லை. அவள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தின்றாள். பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது. அடியில் இருப்பது இன்னும் மொறுமொறுப்பாக இருக்குமென்று நானே கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன், ஐந்தாவது.

கை துணி முடிச்சில் இடித்தது. அரிசிதானே என்று நகர்த்தினேன். அரிசி மாதிரி இல்லை, மெத்தென்று இருந்தது. வெளியே எடுத்தால் துணி வழியாகச் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்த கல்கல்லில் எல்லாம் அந்தப் பொடி. ட்ரம்மில் இருக்க வேண்டிய மாத்திரை இங்கே இருக்கிறது, அந்தப் பூண்டு வாடையும் அதனுடையதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

"மெரின், துப்பு. துப்பிடும்மா."

"முழுங்கிட்டேனே. ஏன் அத்த?"

ஆட்டோ பிடித்து ஏற்றுவதற்குள் வயிறு எரிகிறது என்றாள். வழியிலேயே வாந்தி எடுத்தாள். முடிச்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தார்.

ரோசா கெஸ்ட் ஹவுஸ் யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், நான் திறந்ததையும் சேர்த்து. அவள் அழவில்லை.

"நீங்கல்லாம் அந்த மாத்திரை வெச்ச அரிசியத்தான துன்றீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே" என்று கேட்டாள்.

மெரின் பிழைத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் வயிற்றில் குழந்தையின் துடிப்பு நின்றுபோனது. ஆண் குழந்தை. போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று ரோசாவும் சொன்னாள், நானும் சொன்னேன். மெரின் காலாப்பட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சுமலதா மட்டும் அன்றைக்குத் திறக்காமல் இருந்திருந்தால் தெருவே போயிருக்கும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். என்னைப் பாராட்டுகிற மாதிரி என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இரண்டு வாரம் அந்த விஷத்தைத் தொடவிடாமல் மகளைக் காத்தது ரோசாவின் பிடிவாதம். ஊட்டிவிட்டது என் இரக்கம். ரோசா இதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. ஒரு வருஷமாக என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவாள், அவ்வளவுதான்.

இந்தக் கிறிஸ்துமஸ் அன்று காலையில் என் வாசலில் வந்து நின்றாள். கையில் துணி மூடிய தட்டு. கல்கல்.

வாங்கிக்கொண்டேன். "வெச்சிருக்கேன், அப்பறம் சாப்பிடறேன்" என்றேன்.

"இப்ப சாப்டு."

"ரோசா..."

"சாப்டு. நான் பாக்கணும்."

அவள் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எது இருந்தாலும் எனக்குத் தகும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மொறுமொறுவென்று இருந்தது. நான் மென்று விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளா தெனம் நாலு துன்னு பாத்தேன்" என்றாள். "எனக்கு ஒண்ணும் ஆவல. அதான் எடுத்தாந்தேன்."

பிறகு தன் வீட்டிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் கொடுத்துவிட்டு நகரவில்லை, அவர்கள் ஒன்றை எடுத்து விழுங்கும் வரை வாசலிலேயே நின்றாள்.