ஆரஞ்சுப் பழங்களின் பின்னால், ஏரியிலிருந்து ஏரிக்கு

மழை விட்ட மறுநாள் காலை, தண்ணீரில் மிதந்த ஆரஞ்சுப் பழங்களின் பின்னால் நடந்து போனேன். கேட்டால் சிரிப்பீர்கள். ஏரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் என் தோழி நளினிதான் கூப்பிட்டாள். சனிக்கிழமை, எனக்கும் வேறு வேலை இல்லை.

தாம்பரம் ஸ்டேஷன் கிழக்குப் பக்கத்திலிருந்து கேம்ப் ரோடுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அங்கிருந்து மேல் ஏரிக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஏழரை மணிக்குத் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். ரயில் ஹாரன்கூட ஏரிக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. நான் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகம்.

கரையில் வடிகால் பொறியாளர் முருகேசன் பையோடு நின்றிருந்தார். உள்ளே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஆரஞ்சு. புது வடிகால் எந்த வழியில் போவது என்று அவருக்கும் நளினிக்கும் மாதக்கணக்கில் இழுபறி. கீழ் ஏரிக்குத் தண்ணீர் தெரு வழியாகப் போகிறது என்கிறது அவருடைய பழைய வரைபடம். கிளாடிஸ் டீச்சர் வீட்டுச் சமையலறைப் பக்கமாக என்கிறது நளினியின் கம்ப்யூட்டர் படம். நளினி சொல்வது சரியென்றால் அந்தச் சமையலறையை இடிக்க வேண்டும். டீச்சர் ரிட்டயர் ஆனவர், தனியாக இருப்பவர்; இந்த விஷயம் அவருக்கும் தெரியும். கடைசியில் பழங்களை மிதக்கவிட்டுப் பார்ப்பது, அவை போகும் வழிக்கு இருவரும் கட்டுப்படுவது என்று பேச்சு.

ஏரி நிரம்பி வழியும் இடத்தில் பழங்களை விட்டோம். அவை ஆடி அசைந்து போக, கணுக்கால் தண்ணீரில் நாங்கள் பின்னால். மதில்களும் தென்னைகளும் தலைகீழாகத் தெரிந்தன. வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்ததில், பழங்கள் புதருக்குள் மறைந்தன.

தெருமுனையில் பத்து மணிவரை காத்திருந்தோம். ஒன்றுகூட வரவில்லை. எங்கோ சிக்கிக்கொண்டன, தெரு என்றே முடித்துவிடலாம் என்றார் முருகேசன்.

அப்போது தன் வீட்டுப் பின்பக்கமிருந்து டீச்சர் வந்தார். கையில் ஈரமான ஆரஞ்சு.

"சமையல்கட்டுக்குப் பின்னாடி வந்துச்சு சார். எழுதிக்கோங்க."

அதை வேறு யாரும் பார்க்கவில்லை. குப்பையில் போட்டிருந்தால் தீர்ந்தது கதை. முருகேசன் குரலைத் தாழ்த்தினார். "நான் இதைப் பார்க்கலைன்னு வெச்சுக்கலாம் டீச்சர்."

சரி என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"தெருவுல போட்டா கீழ இருக்கிற வீடெல்லாம் மறுபடி முழுகும் சார். போன மழைக்கு அந்தப் பசங்கல்லாம் என் மாடியிலதான் தூங்குச்சுங்க."

ஜெயித்த நளினிதான் அழுதாள்.

நீங்களும் அந்தப் பக்கம் போவதென்றால் மழை விட்ட மறுநாளே போங்கள். பழைய செருப்பு போதும், திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம். யாராவது காபி கொடுத்தால் மறுக்காதீர்கள். நாங்கள் அதே சமையலறையில்தான் குடித்தோம். பிறகு முருகேசன் சுவரை அளந்தார். டேப்பின் மறுமுனையை டீச்சர்தான் பிடித்துக்கொண்டார்.