கல்யாணக் காலையில் நான் கலந்த ஆயில்

பெட்ரோலில் ஆயில் கலந்த கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும், சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் அந்த வாசனை இருக்கும். எனக்கு அது பிடிக்கும்…

எழுபதுகளின் தொடக்கம். தாமல் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர், வலை இழுக்க மோட்டார் வைத்த படகு ஒன்றைக் கொண்டுவந்தார். அதை ஓட்டக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர் துரை அண்ணன். நான் அவருக்குக் கையாள். அதற்கு முன்பு சின்ன காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மோட்டாருக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. ஐந்து லிட்டர் கேனுக்கு ஒரு அலுமினிய டம்ளர் ஆயில் ஊற்றி, மூடியை இறுக்கிக் குலுக்க வேண்டும். ஊற்றுவது எப்போதும் அண்ணன்தான். குலுக்குவது நான்.

அந்த வருஷ மழைக்கு ஏரி நிரம்பி வழிந்து ரோட்டை மூடிவிட்டது. எனக்கோ அக்கரையில் கல்யாணம். பெண் கன்னியம்மா. கார்த்திகையின் கடைசி முகூர்த்தம், ஒன்பது மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். அவள் அப்பா கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்: “தவறுனா தை மாசம் பாத்துக்கலாம்.”

அன்று காலை உறவுக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டே அண்ணன் சொன்னார்: “டேய் மாப்ள, இன்னிக்கு நீயே கலந்துட்ரா.”

பால் ஊற்றிப் பழகிய கை. காஞ்சிபுரத்தில் அளந்து ஊற்றிவிட்டு நிறுத்தினால் யாரும் பாத்திரத்தை உள்ளே எடுக்கமாட்டார்கள். கொசுறு விழும்வரை நீட்டிக்கொண்டே நிற்பார்கள். ஒரு டம்ளர் ஆயில் ஊற்றினேன். கை நிற்கவில்லை… கொசுறாக அரை டம்ளர். கல்யாண நாளாயிற்றே, மோட்டாரும் மனம் குளிரட்டும் என்று இன்னொரு அரை டம்ளர்.

பாதி ஏரிவரை ஒரே புகை. எங்கள் மாமா இருமி இருமிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மோட்டார் இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது.

அந்த அமைதியில் அக்கரை நாதஸ்வரம் தெளிவாகக் கேட்டது.

“எவ்ளோடா ஊத்துன?” என்றார் அண்ணன்.

“ஒரு டம்ளர்ணா… அப்பால கொஞ்சம் கொசுறு.”

“மோட்டார் இன்னா உன் வாடிக்கைக்காரனா, கொசுறு குடுக்க?”

மோட்டாரில் பொறி போடும் பிளக்கைக் கழற்றினார். கருப்பு எண்ணெயில் ஊறிக் கிடந்தது. துடைக்கத் துணி வேண்டும். இருவரும் மாமாவைப் பார்த்தோம்.

“என்னிய எதுக்குபா பாக்குறீங்க? புது வேட்டி” என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

என் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து நானே துடைத்தேன். அண்ணன் கலவையில் பாதியைக் காலி டின்னில் ஊற்றிவிட்டு, கேனில் வெறும் பெட்ரோல் சேர்த்தார். பிளக்கை மாட்டியதும் கயிற்றை நான் இழுத்தேன். ஒன்று… இரண்டு… நான்கு…

“இழுடா. தை மாசம் வந்துக்கினு இருக்குது” என்றார் அண்ணன்.

ஐந்தாவது இழுப்பில் பிடித்தது.

கரையில் குதித்து ஓடினேன். ஒன்பதுக்குச் சில நிமிடங்களே மிச்சம். கை கழுவ யார் விட்டார்கள்? கருப்புக் கையாலேயே தாலி கட்டினேன். கூரைப் புடவையில், கழுத்தோரம், என் கட்டைவிரல் அப்படியே பதிந்துவிட்டது.

தலையை நிமிர்த்தாமலே கன்னியம்மா கேட்டாள்: “இன்னா நாத்தம் இது?” என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

போன மாதம் ஓரிடத்தில் மோட்டார் படகில் ஏறினேன். புகையே இல்லை. பெட்ரோல் தனி, ஆயில் தனியாம். “கலக்கவே வாணாம் தாத்தா” என்றான் ஓட்டிய பையன். நல்லதுதான், தண்ணீருக்கும் நல்லது… ஆனாலும் எனக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லாததுபோல் இருந்தது.

எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்டேன். இவ்வளவு எழுத நான்கு நாள் ஆயிற்று. கன்னியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நடு ஏரியில நின்னுக்கினு இருந்தியே அரை மணி நேரம், அதான் நான் கடைசியா நிம்மதியா இருந்தது. அதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.