சினை நண்டு வாங்காத முதலாளி

கற்பிட்டிக் களப்போரத்தில் நண்டு வாங்கி விற்ற அலியார் நானாவைப் பற்றி எழுதுகிறேன். பெரிய மனுசன் இல்லை. அவருடைய வாடியிலிருந்து, அதாவது நண்டு வாங்கிக் கட்டுகிற கொட்டிலிலிருந்து, ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஐஸ் பெட்டி ஏற்றிப் போன லொறிக்காரன் நான். அதனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது அவருக்கு மீசை முளைக்கிற வயது. அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு, சைக்கிளில் பெட்டி கட்டி, எத்தாளைப் பக்கம் நண்டு வாங்கித் தெருத் தெருவாக விற்றார். பத்து வருசத்துக்கு மேல் அப்படி ஓடிய பிறகுதான் தகரம் போட்ட வாடி ஒன்று சொந்தமாக வந்தது. மனைவி ஸபீனா தராசில் நிற்பார். அலியார் நண்டின் காலைக் கட்டுவார். அந்த வாடி போனால் அவர்களுக்கு வேறொன்றும் கிடையாது.

யுத்தம் முடிந்ததும் கடல் திறந்தது. நேவியிடம் பாஸ் எடுக்கத் தேவையில்லை, கேட்பாரில்லை. களப்பில் வலைக்கு மேல் வலை விழுந்தது. நாலைந்து வருசத்தில் நண்டு சிறுத்துப் போனது, குறைந்தும் போனது. வெளிநாட்டில் வாங்குகிறவன் கேள்வி கேட்க, கம்பெனி விழித்துக்கொண்டது. களப்பை நம்பித் தொழில் செய்கிற முதலாளிமாரைச் சிலாபத்தில் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, 'நிலைபேறான கடற்றொழில்' என்று பயிற்சி வைத்தார்கள். வாடிக்காரர், இறால் பண்ணைக்காரர், ஹோட்டல்காரர் என்று மண்டபம் நிறையச் சனம்.

"நிலைபேறாம் தம்பி. வாய்க்குள்ள நிக்குதில்ல," என்று போகும் வழியில் லொறிக்குள் அலியார் சிரித்தார்.

பயிற்சி நடத்திய பாலச்சந்திரன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசன், விசயம் தெரிந்தவர். சினை நண்டின் வயிற்றில் கொத்தாகத் தொங்கும் முட்டையைப் படத்தில் காட்டினார். "நீங்கள் வாங்கினால்தான் அவன் பிடிப்பான். கதவு உங்கட கையில," என்றார். முடிவில் ஒவ்வொரு முதலாளியும் எழும்பி, ஊருக்குப் போய்ச் செய்யப்போகிற ஒரு காரியத்தை வாயால் சொல்ல வேண்டும்.

அலியாரின் பக்கத்து வாடிக்காரன் நிஸார் முந்திக்கொண்டு எழும்பினான். "இனி என்ட வாடிக்குள்ள ஒரு சினை நண்டும் வராது!" நல்ல கைதட்டல்.

அலியார் எழும்பினார். "நானும் அதத்தான் சொல்ல வந்த. அவர் முந்திட்டார்." மண்டபம் சிரித்தது.

சொன்னபடி செய்தவர் அலியார் ஒருவர்தான். மறுநாள் தொடக்கம் சினை நண்டு வந்தால் கையில் திருப்பிக் கொடுத்தார். "கொண்டு போய்த் தண்ணியில உடு," என்றார். தோணிக்காரர்களுக்கு முகம் கோணியது.

"நானா நண்டுக்குப் பிள்ளைப்பெறு பாக்கிறார். ஸபீனா ராத்தாவ மருத்துவிச்சியா விடுங்க!" என்றான் ஒருத்தன்.

நக்கலடித்தவர்கள் மெல்ல நிஸாரிடம் போனார்கள். நிஸாரின் முன்கதவால் சினை நண்டு போகாது. பின்கதவால் போகும்.

போகாமல் நின்றவன் உச்சமுனைத் தோணிக்காரன் இன்னாசித்தம்பி. அலியார் சைக்கிளில் திரிந்த காலத்திலிருந்து அவருக்கே நண்டு கொடுத்தவன். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து தோணி நின்றது. அதனால் வாடி ஓடியது.

கொஞ்ச நாளில் ஒரு புதினம். சினை நண்டு வருவது நின்றே போனது. அலியாருக்குக் கால் நிலத்தில் இல்லை. பாலச்சந்திரன் சேருக்குப் போன் எடுத்து, "சனம் திருந்திட்டு சேர்," என்று சொன்னார்.

ஸபீனாவுக்கு மட்டும் அது சரிப்படவில்லை. சினை கட்டுகிற காலம். பெட்டியில் பாதி பெட்டை நண்டு. ஒன்றிலாவது முட்டை இருக்க வேண்டாமா? ஒரு நண்டைப் புரட்டி வயிற்று மடலை விரித்துப் பார்த்தார். உள்ளே முட்டை ஒட்டியிருக்கும் இழைகள் பிய்ந்து கிடந்தன. அடியில் மஞ்சள் மணி இரண்டொன்று.

"இஞ்ச பாருங்க. இது தேங்காய்த் தும்பால முட்டையத் தேய்ச்சு எடுத்த நண்டு."

பெட்டியை முழுக்கப் புரட்டினார்கள். பெட்டையில் முக்கால்வாசி அப்படித்தான். இன்னாசித்தம்பியின் பெட்டி அது.

அடுத்த நாள் அவன் பெட்டியோடு வந்து இறங்கியதும் அலியார் நேரே கேட்டார். "ஆரு தேய்க்கிற?"

அவன் மறைக்கவில்லை. "மனுசிதான். மகளும் கை குடுப்பாள். விரலெல்லாம் கடி."

"அட மடையா! அதத் தண்ணியில உட்டிருக்கலாமே?"

"விட்டா நான் எதக் கொண்டு வாற? வலையில வாறதே அதுதான். நீங்க சினை வேணாமெண்டீங்க. சினை இல்லாமக் கொண்டு வந்தன்."

"அதுக்கு நிஸாரிட்டக் குடுத்திருக்கலாம்."

இன்னாசித்தம்பியின் முகம் விழுந்துவிட்டது. "அப்பிடிக் கதையாதீங்க நானா. அங்க குடுக்கிறதெண்டா எங்களுக்கு இந்தத் தேய்ப்பு என்னத்துக்கு? அவன் முட்டையோடயே எடுப்பான். உங்கள விட்டுப் போகக் கூடாதெண்டுதான் வீட்டோட குந்தி இருந்து தேய்க்கிறம்."

அலியார் பெட்டியின் மேல் இருந்துவிட்டார். களப்புக்கு ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. மிஞ்சாமல் துடைத்தவன் அவருக்காகத் துடைத்திருக்கிறான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏத்துங்க நானா. கம்பெனியில ஆரு விரிச்சுப் பாக்கிற?" என்றேன்.

"நான் பாத்துட்டனே," என்றார்.

அந்தப் பெட்டியை அவர் எடுக்கவில்லை. இன்னாசித்தம்பி சண்டை பிடிக்கவில்லை. பெட்டியைத் தோளில் தூக்கிப் பக்கத்து வாடிக்கு நடந்தான். மற்றத் தோணிகளும் அவன் பின்னால் போயின.

பிறகு வந்தவன் போனவன் கொடுத்தது நாளொன்றுக்கு ஒரு பெட்டி, அரைப் பெட்டி. அரைப் பெட்டிக்கு லொறி நிற்பாட்டத் தேவையில்லை என்று கம்பெனியில் எனக்குச் சொன்னார்கள். சோறு போடுகிற இடம், நான் என்ன சொல்ல? நிஸாரின் வாடியில் மட்டும் ஏற்றினேன். நோன்பு தொடங்கும் முன் அலியார் வாடியின் தகரத்தைக் கழற்றி விற்றார். ஸபீனா தராசைக் கழுவித் துடைத்து அதையும் விற்கக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் பாலச்சந்திரன் சேர் அவரைக் கூப்பிட்டார். அடுத்த பயிற்சிக்குப் புது முதலாளிமார் வருகிறார்கள், செய்து காட்டிய ஒருவர் வந்து பேச வேண்டும் என்றார். "வாடி இல்ல சேர்," என்று அலியார் சொல்லியிருக்கிறார். "அதையும் சொல்லுங்கோ, அவையளுக்குத் தெரியட்டும்," என்றாராம் சேர்.

நான்தான் கூட்டிப் போனேன். அலியார் மேடையில் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார், தும்பு வரைக்கும். முன் வரிசையில் இருந்த இளம் ஹோட்டல்காரன் கை உயர்த்தினான்.

"இப்ப உங்களுக்கு எத்தினை தோணி நண்டு குடுக்குது?"

"ஒண்டுமில்ல."

யாரும் கை தட்டவில்லை. பாலச்சந்திரன் சேர் ஒலிவாங்கியை வாங்கி, ஒரு முதலாளி மட்டும் செய்தால் இப்படித்தான் ஆகும், எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்றார். சரியான பேச்சுத்தான். ஆனால் தேநீருக்கு எழும்பும்போது, "பாத்தியா, செய்தவன்ட கதி," என்று ஒருத்தன் மற்றவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இப்போது அலியார் நானா நிஸாரின் வாடியில் நாட்கூலிக்கு நண்டு கட்டுகிறார். வேறு தொழில் தெரியாது, வேறு வாடியும் பக்கத்தில் இல்லை. போன கிழமை நான் ஏற்றப் போனபோது இன்னாசித்தம்பி பெட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தான். பெட்டை நண்டுகளின் வயிற்றில் முட்டை கொத்துக் கொத்தாக, அப்படியே இருந்தது. இங்கே தேய்க்கத் தேவையில்லை.

அலியார் ஒவ்வொன்றாக எடுத்துக் காலைக் கட்டி, முதுகு மேலே தெரிய அடுக்கினார். ஒன்றையும் புரட்டவில்லை. பெட்டி நிறைந்ததும் ஐஸைக் கொட்டி மூடி, என் பக்கம் தள்ளினார்.