இலங்கைத்துறைக் கூடாரமும் சீனி போடாத தேத்தண்ணியும்

பாலையூற்றிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டது ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை. சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்து, மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில் ஆட்கள் பயமில்லாமல் ஏறத் தொடங்கியிருந்த ஆவணி மாதம் அது. நானும் இவரும், மகள் சுகந்தி, மருமகன், எட்டு வயதுப் பேத்தி யாழினி. மருமகன் பள்ளிக்கூடத்தில் சாரணர்களுக்குப் பொறுப்பான வாத்தியார். அங்கேயிருந்து ஒரு கூடாரம் கேட்டு வாங்கி வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் கூடாரம் என்றால் அகதி முகாம்தான். சந்தோசத்துக்கும் கூடாரம் அடித்துப் படுப்பார்கள் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

போகிற இடம் இலங்கைத்துறை, இவர் பிறந்த ஊர். பத்து வருசத்துக்கு மேலாக அந்தப் பக்கம் போக வழியில்லை. வீடு விழுந்து வளவு மட்டும் கிடந்தது. பக்கத்து வளவில் இவருடைய அக்கா நாகம்மா மச்சாள் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தா. அக்காவைப் பார்க்க வேண்டும், ஊர்க் கடலில் ஒருக்கால் முழுக வேண்டும். இவருக்கு வேறு ஆசை இல்லை.

ஆனால் இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. சித்திரையில்தான் வலது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. போகலாமோ என்று கிளினிக்கில் கேட்டதற்கு டொக்டர், "போங்கோ. ஆனால் சீனி ஏறிப் புண் திரும்ப வந்தால், அடுத்தமுறை விரலோடை நிக்காது" என்றார். இவர் என்னைப் பார்த்தார். ஆட்கள் முன்னால் வாய் திறக்க எனக்குச் சின்னனிலிருந்தே கூச்சம். நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். சாப்பாடு என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

வருத்தக்காரருக்கு மட்டும் தனிச் சட்டி வைத்தால் அவர் மற்றச் சட்டியைக் களவாகத் திறப்பார். அது எனக்குத் தெரியும். அதனால் எல்லாருக்கும் ஒரே சட்டி என்று வீட்டிலேயே சொல்லிவிட்டேன். வறுத்த குரக்கன், அதுதான் கேழ்வரகு மா, தவிடு போகாத சிவப்பரிசி, பயறு, தேசிக்காய், வளவில் பிடுங்கிய முருங்கையிலை, பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி. இவ்வளவும் ஒரு சாக்கில். மீனைக் கடல் தரும்.

லோஞ்ச் கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பின்னால் கோணமலை சின்னனாகிக்கொண்டே வந்தது. யாழினி கூடாரப் பையில் சாய்ந்து படுத்தாள். பைக்குள் ஏதோ கரகரத்தது. கையை விட்டுப் பார்த்தேன். சொக்லேட் பிஸ்கட் நாலு பக்கற்.

"மாமி, அது பிள்ளைக்கு" என்றார் மருமகன்.

"பிள்ளைக்கு ஒரு பக்கற் காணாதே? மற்றது ஆருக்கு?" என்றாள் சுகந்தி.

மருமகன் கடலைப் பார்த்தார். பக்கற்றுகளைப் பக்கத்தில் இருந்த மூதூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். யாழினி லோஞ்ச் கரைக்கு வரும்வரை என்னோடு கதைக்கவில்லை.

மூதூரில் வான் பிடித்தோம். சாரதி றபீக் கூடாரத்தை மேலே தூக்கிக் கட்டும்போது இவரைக் கேட்டான்: "என்ன ஐயா, சனமெல்லாம் கூடாரத்த விட்டுட்டு ஊருக்குப் போற நேரம், நீங்க கூடாரத்தோட போறீங்க? திரும்பவும் சண்டையா?"

"இல்லைத் தம்பி, இலை தின்னக் கூட்டிக்கொண்டு போறா" என்று இவர் என்னைக் காட்டினார். வான் முழுக்கச் சிரிப்பு.

சோதனைச் சாவடியில் ஆமிக்காரப் பொடியன் ஒருவன் சாக்குக்குள் இருந்த மா ரின்னைத் திறந்தான். மண்நிறத் தூளைக் கண்டு முகம் இறுகியது. அவன் விரலால் தொட்டு மணந்து பார்த்தான். "ஆ, குரக்கன்!" என்று சிரித்து மூடியைத் தானே இறுக்கித் தந்தான். அவனுடைய வீட்டிலும் அதுதான் சாப்பாடாக்கும்.

மத்தியானம் ஊரில் இறங்கினோம். மச்சாள் ஓடிவந்து தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதா. காலைக் குனிந்து பார்த்து இன்னும் அழுதா. நாங்கள் விழுந்த வீட்டின் அத்திவாரத்துக்குப் பக்கத்தில், கடல் தெரிகிற இடமாகக் கூடாரம் அடித்தோம். மூன்று கல்லு வைத்து அடுப்பு மூட்டினேன். கூடாரக் கயிறு கட்டி முடியவில்லை, மச்சாள் தட்டத்தோடு வந்துவிட்டா. தேத்தண்ணி, எருமைத் தயிர், ஒரு கடதாசிச் சரை நிறையச் சீனி.

இதை அந்தப் பக்கம் போகாதவர்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். பாதை பூட்டியிருந்த வருசங்களில் அந்தச் சனத்துக்குச் சீனி கண்ணில் படாது. பனங்கட்டியை நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தவர்கள். இப்போது சீனி வருகிறது. வந்தவருக்குக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கொடுப்பதுதான் அவர்களுக்கு மரியாதை. வேண்டாம் என்றால் முகத்தில் அடித்த மாதிரி. இவர் ஏற்கெனவே கையை நீட்டிவிட்டார்.

ஆட்கள் முன்னால் கதைக்க எனக்குக் கூச்சம்தான். என்றாலும் சொன்னேன்.

"மச்சாள், இது எங்கடை வளவு. நீங்கள்தான் இப்ப எங்கடை வீட்டுக்கு வந்திருக்கிறியள். வந்த ஆள் ஒண்டும் கொண்டுவராமல் இருந்து சாப்பிட வேணும்."

"என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? இது வீடோ? துணி."

"அடுப்பு எரியுது. வீடுதான்."

மச்சாள் இடுப்பில் கையை வைத்தா. "டவுன்காரி எனக்குச் சட்டம் சொல்லுறா. எடேய் தம்பி, கலியாணம் முடிச்சு வந்த நாள் இவள் அடுப்புப் புகைக்குள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு நிண்டவள். இவள் ஆக்கி நான் தின்னவோ?"

இவர் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீட்டிய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பாயை விரித்தேன். விரித்த பாயில் இருக்காமல் போனால் பகை என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவ மச்சாள். வேறு வழியில்லாமல் நான் ஆக்கி முடியும்வரை குந்தினா. குரக்கன் பிட்டு, கரையில் வாங்கிய விளைமீனில் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். ஒரு வாய் வைத்தா. பிறகு சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி, "குழம்பு இன்னும் கொஞ்சம் விடு" என்றா. கொண்டுவந்த தேத்தண்ணி முழுவதையும் கோபத்திலோ தாகத்திலோ தானே குடித்து முடித்தா.

சனிக்கிழமை விடிய இவர் கடலில் இறங்கினார். மருமகன் கையைப் பிடித்துக்கொண்டார். முழுகி எழும்பியபோது இவருடைய முகம் நான் கலியாணத்தில் கண்ட முகம். கரைவலைக்காரர் தந்த பாரை மீனுக்கு உப்பும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் பூசித் தணலில் சுட்டேன். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. அவித்த பயறும் வெள்ளரிக்காயும் வைத்தேன். பிஸ்கட் கேட்டு அழுத யாழினி மீன் தலைக்குத் தாயோடு சண்டை பிடித்தாள். இவரைப் பார்க்கச் சொந்தக்காரர் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் கொண்டுவந்த பலகாரம் பிரிபடாமலே திரும்பிப் போனது. எல்லாருக்கும் ஒரே சட்டிதான் என்று சொல்லிப் பரிமாறினேன்; அவர்கள் வயிறு நிறையப் போனார்கள்.

பின்னேரம் மா முடிந்துவிட்டது. என்ன செய்வதென்று நின்றேன். மச்சாள் சுளகை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தா. தன் சேனைக் காணியில் விளைந்த குரக்கனை அப்போதுதான் திரிகையில் அரைத்திருந்தா. மா இன்னும் சூடு.

"உன்ரை சட்டப்படி வாற ஆள் ஒண்டும் கொண்டுவரக் கூடாதாம். யாழினிதான் வந்து மா கேட்டவள். அவளுக்குக் குடுக்கிறன்" என்றா.

ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தைச் சுருட்டிக் கட்டினோம். மச்சாள் அதற்காகவே பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி வந்தா.

"இப்ப உங்களுக்கு வீடில்லை. நடவுங்கோ என்ரை வீட்டுக்கு."

கொட்டிலுக்குள் போய் இருந்தோம். தேத்தண்ணி வந்தது. இத்தனை காவல் காத்தும் கடைசியில் இப்படி ஆயிற்றே என்று நினைத்தேன். முதல் மிடறு குடித்தேன். சீனி இல்லை. இவருடையதை வாங்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை. மருமகனுக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். மச்சாள் தன்னுடையதைக் குடித்து முகத்தைச் சுளித்தா.

"சீ, கசாயம். ஒரே சட்டி எண்டியே. குடிச்சுத் துலையுறன்."

இவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். புறப்படும்போது அடுப்புக் கல்லை அகற்றப் போனேன். "தொடாதை. அது உன்ரை அடுப்பு, கிடக்கட்டும்" என்றா மச்சாள். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் அந்த வளவில் எனக்கென்று அவ விட்டுத் தந்த முதல் சாமான் அது.

பாலையூற்றில் எங்களுக்குக் குழாய்த் தண்ணி இருக்கிறது, காஸ் அடுப்பு இருக்கிறது, காத்தாடி இருக்கிறது. ஆனாலும் அந்த மூன்று கல்லில் வந்த ருசி இங்கே வரவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இவருடைய காலை விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். புண் இல்லை. இரத்தம் பார்த்ததில் சீனி முந்தின தடவையைவிடக் குறைவு.

"கடற்கரையிலை ஆர் சமைச்சது?"

வழக்கமாக நான் இவருக்குப் பின்னால் மறைந்து நிற்பேன், இவர்தான் மறுமொழி சொல்வார். அன்று முன்னுக்கு வந்தேன்.

"நான்தான்" என்றேன். சத்தம் கூடிவிட்டதாக்கும். வாங்குப் பலகையில் இருந்த ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும்.