ராசியான இடது கண்

சுனாமி வருவதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. அப்போது ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அவருடைய அண்ணனின் விசைப்படகில் வேலை பார்த்தார். நான் இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம். குழந்தை தும்மினால்கூட நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயசு முடிந்திருந்தது. அவளுடைய இடது கண் மூக்குப் பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருக்கும். மாறுகண் இருந்தால் ராசி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். என் மூத்தாருக்கு, அதாவது வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, அதில் அப்படி ஒரு நம்பிக்கை. ஐஸ் ஏற்றி, டீசல் ஊற்றி, படகு கிளம்பத் தயாரானதும் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். படகுக்கு நேராக நிறுத்தி, நல்லா பாரு பாப்பா என்பார். அவள் பார்த்த பிறகுதான் இன்ஜினைப் போடுவார்கள். வேறொரு படகுக்காரர், எங்கள் படகையும் ஒருதரம் பார்க்கச் சொல்லேன் என்று கேட்டதற்கு, “கண்ண வாடகைக்கு வுட்ற ஆளா நானு?” என்று சண்டைக்கே போய்விட்டார்.

ஒருநாள் பால்வாடிக்குக் கண் பரிசோதனை செய்ய இரண்டு பெண்கள் வந்தார்கள். கேமரா மாதிரி ஒரு மெஷினைத் தூரத்தில் பிடித்து, அதில் மின்னுகிற விளக்கைப் பார்க்கச் சொன்னார்கள். தொடவில்லை, சொட்டு மருந்து விடவில்லை. ஒரு நிமிஷத்தில் மெஷினிலிருந்து சின்னச் சீட்டு வந்தது. மற்ற பிள்ளைகளையெல்லாம் விளையாட அனுப்பிவிட்டு, என் மகளை மட்டும் உட்கார வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் போட்ட அட்டையைக் காட்டினார்கள். வலது கண்ணால் கடைசி வரிசை வரைக்கும் பூ, குடை, மீன் என்று கடகடவெனச் சொன்னாள். அந்தக் கண்ணை மூடியதும் அழ ஆரம்பித்துவிட்டாள். மேலே இருந்த பெரிய படத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கண்ணில் பூ விழுந்திருக்கிறதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கண் சுத்தமாக இருக்கிறதாம். ஆனால் பவர் அதிகம், ஒரு பக்கமாகவும் திரும்பிவிட்டது. இரண்டு கண்ணும் அனுப்புகிற படம் ஒன்றோடொன்று சேராமல் போகவே, மூளை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டது என்றார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கண்ணைத் திறந்தால் தெரியும், மூடினால் தெரியாது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பேச்சும் நடையும் மாதிரி, பார்ப்பதையும் மூளை சின்ன வயசில் பழகிக்கொள்ள வேண்டுமாம். எங்கள் கொட்டகையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்திக் கூப்பிட்டால் மேஸ்திரி ஒருத்தருக்குத்தான் திரும்புவார். கொஞ்ச நாளில் மற்றவள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவாள். அந்த மாதிரியா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அதேதாம்மா. ஆனா ஏழு, எட்டு வயசுக்குள்ள பழக்கிடணும். அப்புறம் கஷ்டம்.”

கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கூடவே, தினமும் சில மணி நேரம் வலது கண்ணில் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார்கள். நல்லா தெரிகிற கண்ணையா மூடச் சொல்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். “ஆமாம்மா. அது லீவு போட்டாத்தான் இது வேலைக்கு வரும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் என் கண்களை ஒவ்வொன்றாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கண்ணாடி கைக்கு வந்து, முதல் முதலாகப் பிளாஸ்திரி ஒட்டிய அன்றுதான் படகு கிளம்ப வேண்டியிருந்தது. மூத்தார் வாசலில் வந்து நின்றார். குழந்தையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“இன்னாம்மா இது? யார கேட்டு ராசிக் கண்ண மூடின?”

அவர் முன்னால் நான் சத்தமாகப் பேசியதே இல்லை. வீட்டுக்காரருக்கு வேலை போய்விடுமோ, பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்துவிடுவாரோ என்று பயந்தேன். ஆனாலும், “ராசிக் கண்ணு தொறந்துதான் கீது மாமா. மூடினது சோத்துக்கைப் பக்கத்துக் கண்ணு” என்றேன்.

குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். “அட, அப்ப சோக்கா போச்சு! இனிமே ராசிக் கண்ணு மட்டும்தான் பாக்கும்.” அப்படியே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

துறைமுகத்தில் படகுக்கு நேராக அவளை இறக்கிவிட்டார். படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. பாரு பாப்பா என்றார். அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“எங்க கீது?”

“எதுர்லயே கீதே!”

“அல்லாம் ஒண்ணா கீது பெரியப்பா.”

விளையாடுகிறாள் என்று நினைத்து, மூத்தார் பத்தடி தள்ளிப் போய் பேசாமல் நின்றுகொண்டார். அங்கே நிற்பது யார் என்று அவளைக் கேட்டேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “ஆளு கீது. மூஞ்சி இல்ல” என்றாள்.

மூத்தார் அங்கேயே வலைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். “அப்ப இத்தினி நாளா இந்தக் கண்ணு நம்மள பாக்கவே இல்லியா?”

படகின் மேலே நின்றிருந்த ஒருவர் சும்மா இருக்காமல், “அப்ப மீனெல்லாம் யாரு ராசில வந்துச்சு அண்ணே?” என்று கேட்டுவிட்டார்.

“வாய மூட்றா கஸ்மாலம்!”

பிறகு, இதை எவ்வளவு நாள் ஒட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். மாசக் கணக்கில் என்றேன். “ஒட்டு. அதுக்கு மொதல்ல தெரியட்டும்.”

அதற்கப்புறம் என்னைவிட அவர்தான் கறார். வேர்வையில் பிளாஸ்திரி நழுவும், சுற்றிலும் தோல் சிவந்துவிடும். மகளோ கோழி மாதிரி தலையைச் சாய்த்து, மூக்கோரத்து இடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்ப்பாள். நான் கவனிக்கவே இல்லை. எப்படி இவ்வளவு சீக்கிரம் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மூத்தார்தான், “கள்ளி, சந்துல பாக்குறா!” என்று கண்டுபிடித்தார். கிட்டத்தில் பார்க்கிற வேலை கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் கரையில் இருக்கும்போதெல்லாம் ஒரு தட்டு நெத்திலியை அவள் முன்னால் கொட்டி, அதில் கிடக்கிற பொடி நண்டுகளைப் பொறுக்கச் சொல்வார். ஒரு நண்டை விட்டாலும் மறுபடியும் முதலிலிருந்து.

மாதங்கள் போகப் போக அட்டையில் வரிசை வரிசையாகக் கீழே இறங்கினாள். அடுத்த வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதுசாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாக உள்ள கண்ணாடியைப் போட்டுவிட்டால், திரையில் ஒரு கண்ணுக்குக் கிளி மட்டும் தெரியும், இன்னொரு கண்ணுக்குக் கூண்டு மட்டும் தெரியும். இரண்டு கண்ணையும் மூளை சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் இரண்டும் தெரியும்; அப்போதுதான் பட்டனை அழுத்திக் கிளியைக் கூண்டுக்குள் தள்ள முடியும். முதல் தடவை அவள் கிளி மட்டும் இருக்கிறது என்றாள். அடுத்த தடவை கூண்டு வந்து வந்து போகிறது என்றாள்.

அதற்கடுத்த தடவை மூத்தாரும் கூட வந்தார். முதலில் தானே அந்தக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, “அடேங்கப்பா, கூண்டு காணாம்பூட்ச்சி!” என்று கத்தினார். நர்ஸ் அதட்டியும் அவர் கழற்றவில்லை. நானும் போட்டுப் பார்த்தேன். பிறகு மகளுக்கு மாட்டினார்கள். அவள் பட்டனை அழுத்தி அழுத்தித் தள்ளினாள். திடீரென்று, “பூந்துட்ச்சி!” என்றாள்.

மூத்தார் கிளியை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு வாட்டி உள்ளே தள்ளச் சொன்னார். இன்னொரு வாட்டி. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

பவர் கண்ணாடி போட்டிருக்கும்போது இப்போது அவள் கண் நேராகத்தான் இருக்கும். ராசி போய்விட்டதே என்று அக்கம்பக்கத்தில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. வலை முன்பு மாதிரியே ஒருநாள் நிறைந்து வந்தது, ஒருநாள் சும்மா வந்தது.

தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று இருந்திருக்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம், என் கண் முன்னாலேயே இருந்தும் என் மூளை வாங்கிக்கொள்ளாமல் விட்டது இன்னும் என்னென்ன இருக்குமோ என்று யோசிப்பேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு, இந்த ஒரு யோசனையில் மட்டும் ஏனோ பயம் வருவதில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் வருகிறது.