ஏரிக்கரையில் ரிவர்ஸ்

ஹேமநாதனுக்குக் காது கேட்காது என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று ஹேமநாதன். இன்னொன்று அவன் பெண்டாட்டி விஜி. காது கேட்காதவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதில் என்ன பெரிய ரகசியம் என்று கேட்பீர்கள். ஆள் டிரைவராயிற்றே! திருத்தணி மலையடிவாரத்தில் நிற்கும் டூரிஸ்ட் வண்டிகளில் ஒன்றை நான்கு வருஷமாக அவன்தான் ஓட்டுகிறான். வண்டி அவன் அக்கா புருஷன் குமரவேலுவுடையது. குமரவேலு பாவாவுக்கே இந்தச் சங்கதி தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காதைத் தின்றது தறி. அம்மையார்குப்பத்தில் பதினேழு வயதில் பவர்லூம் ஷெட்டுக்குள் போனவன், இருபத்து நான்கு வருஷம் எட்டுத் தறிகளுக்கு நடுவில் நின்றான். அந்தச் சத்தத்துக்குள் கத்திப் பேசினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். முதுகு காட்டி நிற்பவனைக் கூப்பிட வேண்டுமானால் அவன் தறிச் சட்டத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டு. அந்த அதிர்வு கை வழியாக ஏறும். ஏறினால் முதலில் தறியை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். யாருடைய விரலாவது மாட்டியிருந்தால்? ஷெட்டில் இதை மீறினவன் எவனும் கிடையாது.

முதலில் குயில் போயிற்று. பிறகு குக்கர் விசில். அப்புறம் மகள் சினேகாவின் குரல். சினேகாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த நேரத்தில் ஷெட்டை மூடிவிட்டார்கள். "ஓட்டத் தெரியுமில்ல, பாவா வண்டிய எடு. உன் காது சமாச்சாரம் யாருக்குத் தெரியப்போவுது?" என்று விஜிதான் சொன்னாள். யாருக்கும் தெரியவும் இல்லை. எதிரில் பார்த்துப் பேசுகிறவர்களின் உதட்டைப் படித்துவிடுவான். பின் சீட்டில் இருப்பவர்களைக் கண்ணாடியில் படித்துவிடுவான். எஞ்சினை கியர் கம்பியில் கை வைத்தே தெரிந்துகொள்வான். போன் அடித்தால் எடுக்கவே மாட்டான், "டிரைவிங், மெசேஜ் போடுங்க" என்று அனுப்பிவிடுவான். ரிவர்ஸ் எடுப்பதற்கு முன்னால் மட்டும், என்ன அவசரமானாலும், இறங்கிப் பின்னால் போய் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். மற்ற டிரைவர்கள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

வெளியில் பார்த்தால் சாமர்த்தியம். உள்ளே அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் சாவியைக் கையில் வாங்கும்போது இரண்டு பயம். மாட்டிக்கொள்வோமோ என்பது ஒரு பயம். அது சின்னப் பயம். இன்றைக்கு நம் சக்கரத்தில் யாராவது போய்விடுவார்களோ என்பதுதான் பெரிய பயம்.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி. ஸ்கந்தகுமார், அவர் மனைவி சாய்லக்ஷ்மி, ஆறு வயசுப் பெண் குழந்தை ஒன்று. பறவை பார்க்கிறவர்கள். மழை நன்றாகப் பெய்து பள்ளிப்பட்டுப் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன, வெளியூர்க் கொக்கெல்லாம் வந்து இறங்கியிருக்கின்றன என்று கேள்விப்பட்டு, வழி தெரிந்த உள்ளூர் டிரைவராக வேண்டும் என்று குமரவேலுவிடம் கேட்டிருக்கிறார்கள். காலையில் சென்னையில் ஏற்றி, நாள் பூராவும் ஏரி ஏரியாகக் காட்டி, சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். ஹேமநாதன் ஐந்தரை மணிக்கே அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

வண்டி கிளம்பியதுமே சனியன் பிடித்தது. மற்ற பார்ட்டிகள் பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். இவர்களோ சத்தம் கேட்கவே புறப்பட்டு வந்தவர்கள். முதல் ஏரியில் இறங்கியதும் சாய்லக்ஷ்மி விரலைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, கேக்குதா? அந்தப் புதர்ல?" என்றாள்.

"ஆங், கேக்குதுங்க மேடம்."

"என்ன பறவை அது? இங்க என்ன பேர் சொல்வீங்க?"

"அது எப்பவும் இங்க இருக்கறதுதாங்க. எந்நேரமும் கத்திகினே இருக்கும்."

அவள் சற்று நேரம் அவனையே பார்த்தாள். "இப்ப கத்தலையே. நான் கேக்கறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சே" என்றாள்.

ஹேமநாதன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்று பேச்சை மாற்றினான். அவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள். ஆனால் அதற்கப்புறம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தன்னையே கவனிப்பதாக இவனுக்குத் தோன்றியது. கண்டுபிடித்துவிட்டாள், பாவாவுக்குப் போன் போட்டுச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து நினைத்து, பத்து மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. டீக்கடையில் அவள் போனை எடுத்துப் பேசியபோது, உதடு தெரியும்படி தள்ளிப்போய் நின்று பார்த்தான். அம்மாவிடம் மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வந்தது.

இரண்டாவது ஏரி நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது ஏரிக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. கரை மேல் மண் பாதை, ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் முள்வேலிக்குக் கீழே வயல். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரம். அங்கே நிறுத்தினான். பின் சீட்டில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, பாப்பா தூங்கறா. நாங்க அந்த வளைவு வரைக்கும் நடந்துட்டு வந்துடறோம். பாத்துக்குறீங்களா?" என்றார் ஸ்கந்தகுமார்.

"நீங்க போங்க சார். நான் இங்கதான் இருக்கேன்."

காற்று வரட்டும் என்று கதவுகளைத் திறந்து விட்டு, வண்டியின் முன்பக்கம் வந்து நின்றான். குழந்தையை இரண்டு தரம் எட்டிப் பார்த்தான். தூங்கியது. மூன்றாவது தரம் பார்க்கத் திரும்பும்போதுதான் எதிரில் டிராக்டர் நின்றது.

எப்போது வந்தது? எவ்வளவு நேரமாக ஹாரன் அடித்ததோ, யார் கண்டது? டிராக்டர்காரன் இருக்கையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான். நிறைய கரும்பு லோடு. அவன் பின்னால் போக முடியாது, இவன்தான் பாதை அகலமாக இருக்கிற கலங்கல் வரை பின்னுக்குப் போக வேண்டும். அந்த ஆளின் வாய் நன்றாகத் தெரிந்தது.

"யோவ், எவ்ளோ நேரமா அடிச்சிகினு கீறேன்? காது செவுடா உனக்கு?"

ரோட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் ஆயிரம் பேரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. வேறு எவனாவது இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு, ஆர அமர வண்டியை எடுத்திருப்பான். ஹேமநாதனுக்கு மட்டும் அது நெஞ்சில் குத்தியது. வளைவில் நிற்கிறவர்களுக்குக் கேட்டுவிடுமோ, அந்த அம்மா திரும்பிவிடுவாளோ என்ற ஒரே பதைப்பு. விறுவிறுவென்று கதவுகளைச் சாத்தினான். ஏறி உட்கார்ந்தான். ரிவர்ஸ் போட்டான்.

இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. நான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான். பின் சீட்டையும் பார்க்கவில்லை. பாவி, கதவைச் சாத்துகிற அவசரத்தில் உள்ளே குழந்தை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை!

குழந்தை எப்போதோ விழித்து, மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து நத்தை ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தது. அது எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. வண்டியில் பின்னால் ஏதாவது இருந்தால் எச்சரிக்கிற சென்சார் உண்டு. அது கீச்சுக் கீச்சென்று கத்தியிருக்கிறது. நெருங்க நெருங்க விடாமல் கத்தியிருக்கிறது. அந்த மாதிரி மெல்லிய சத்தத்தைத்தான் தறி முதலில் தின்றிருந்தது. வண்டியே கதறிக்கொண்டிருக்க, ஹேமநாதன் கண்ணாடியில் மண்பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு போனான். எதிரில் டிராக்டர்காரன் இரண்டு கையையும் ஆட்டினான். சீக்கிரம் போகச் சொல்கிறான் என்று இவன் இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

ஸ்டியரிங்கில் ஒரு அதிர்வு. டங், டங். எஞ்சின் அதிர்வு இல்லை அது. கல்லில் ஏறுகிற அதிர்வும் இல்லை. யாரோ சட்டத்தைத் தட்டுகிறார்கள்.

அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தீர்ந்திருக்கும் கதை. கால் பிரேக்கில் இறங்கியது, கை ஹேண்ட்பிரேக்கை இழுத்தது, வண்டி குலுங்கி நின்றது. அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தான். பின் சீட் காலி.

இறங்கினதும் தெரியாது, ஓடினதும் தெரியாது. பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, வண்டிக்கு ஒதுங்கிப் பின்வாங்கியதில் கலங்கல் சுவரில் முதுகு ஒட்ட, குழந்தை நின்றுகொண்டிருந்தது. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கையில். அதைக்கொண்டுதான் வண்டியைத் தட்டியிருக்கிறது. வாய் கோணிக்கொண்டு அழுதது. இன்னும் ஒரு சாண்! குழந்தையைத் தூக்கப் போன ஹேமநாதன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அப்பனும் அம்மாவும் ஓடி வந்தார்கள். டிராக்டர்காரன் அதற்குள் இறங்கி வந்து ஸ்கந்தகுமாரிடம், "நல்ல டிரைவர் சார். டக்குனு புடிச்சாரு பாரு பிரேக்க. நான் கத்துனது காதுல வுழுந்துடுச்சு போல" என்றான். ஸ்கந்தகுமார் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஹேமநாதனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றார்.

குழந்தை மட்டும் தேம்பித் தேம்பிச் சொன்னது. "நான் அங்கிள், அங்கிள்னு எவ்ளோ கத்தினேன். அங்கிள் நிறுத்தவே இல்ல."

"பாப்பா சத்தம் கண்ணாடி ஏத்தியிருந்ததால கேட்டிருக்காதுடா" என்றாள் சாய்லக்ஷ்மி. அவனுக்காக அவளே பதில் சொல்லிவிட்டாள். சந்தேகப்பட்டவள் என்று காலையிலிருந்து எவளை நினைத்து நடுங்கினானோ, அவளே. ஆங் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். சாயங்காலம் சென்னையில் இறக்கிவிட்டு வந்துவிடலாம். நாளைக்கு வேறு பார்ட்டி.

எல்லாரும் ஏறி உட்காரத்தான் செய்தார்கள். டிராக்டருக்கு வழி விட்டாயிற்று. ஹேமநாதன் சாவியைப் பிடித்தான். திருப்ப வரவில்லை. இன்றைக்கு இந்தக் குழந்தையிடம் பாட்டில் இருந்தது, தட்டியது. நாளைக்கு வரப்போகிற குழந்தை தட்டுமா? வெறுமே கத்தும். கத்திக்கொண்டே இருக்கும். இவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போவான்.

சாவியை உருவிக்கொண்டு திரும்பினான்.

"சார், எனக்குக் காது கேக்காதுங்க. ரொம்ப வருஷமா கேக்காதுங்க. சொல்லாம ஓட்டிகினு இருந்தேன். பாப்பா தட்டுனதாலதான் நின்னேன், இல்லனா நின்னிருக்க மாட்டேன். இங்கேருந்து உங்கள நான் கூட்டிகினு போவ மாட்டேங்க."

கும்பிட்ட மனுஷர்தான் ஸ்கந்தகுமார். ஒரு நிமிஷத்தில் முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. "அறிவிருக்காய்யா? எங்க மூணு பேர் உயிரோட..." என்று ஆரம்பித்து அடுக்கிக்கொண்டே போனார். ஹேமநாதன் தலையைக் குனியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டான். சாய்லக்ஷ்மி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வேப்பமரத்தடியில் போய் நின்றாள். இரண்டு பேரில் அவள் இறங்கிப் போனதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பாவாவுக்கு மெசேஜ் போட்டான். ஒரு மணி நேரத்தில் குமரவேலுவே இன்னொரு டிரைவர் பாலமுருகனைப் பைக்கில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். பாலமுருகன் பார்ட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். குமரவேலு சாவி கைமாறினதைப் பார்த்தபடி நின்றார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா, ஹேமா" என்றார். "சொல்லியிருந்தா குடுத்திருப்பியா பாவா?" என்றான் இவன். அவர் பைக்கில் ஏறச் சொன்னார். வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

பள்ளிப்பட்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். விஜியிடம் எப்படிச் சொல்வது? சினேகாவுக்கு இன்னும் ஆறு மாசம் படிப்பு பாக்கி. நீதானே கெடுத்தாய், யார் உன்னைச் சொல்லச் சொன்னது, அவங்கதான் கண்டுக்கவே இல்லையே என்று கேட்பாள். கேட்டால் நியாயம்தான். திருத்தணியில் இறங்கி, மலைப்படி ஓரமாக வீட்டுக்குப் போகிற தெருவில், காலையில் சென்னைக்குப் போனவன் நாலு மணிக்கே நடந்து வருவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தாயம்மாள் எதையோ கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விஜி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி இல்லாமல் வருகிறவனைப் பார்த்ததும் முறம் கையை விட்டு நழுவியது. எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"சாவியக் குடுத்துட்டேன் விஜி" என்றான். "எல்லாருக்கும் சொல்லிட்டேன். ஒரு கொழந்த. ஒண்ணும் ஆவல. ஒரு சாண்ல நின்னுடுச்சு."

அவள் அப்படியே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். வாய் கோணி, உதடு துடித்து, ஒன்றும் அவனுக்குப் படிக்க வரவில்லை. திட்டுகிறாள் என்றுதான் நினைத்தான்.

"இன்னா சொல்ற? எனக்குத் தெரியல. அழுவாம சொல்லு" என்றான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான்தான உன்ன அனுப்புனேன். நாலு வருஷமா தெனம், யாரையாவது சாவடிச்சிட்டுதான் வரப்போறன்னு பயந்துகினே உக்காந்திருந்தேன். இப்ப நீ நடந்து வந்தப்போ, இன்னிக்கு நடந்துடுச்சுன்னே நெனச்சிட்டேன்யா."